இரும்புக்கை மாயாவியை ஐம்பது வயதில் மறுபடி படிப்பவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

போன தீபாவளிக்குக் கோவில்பட்டியில் அண்ணன் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே 61 காமிக்ஸ். மதினி அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னார். நான் பெட்டியோடு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

எந்தக் காமிக்ஸ்? அம்புலிமாமாவா?

இல்லை. அம்புலிமாமா வேறு உலகம். நான் சொல்வது சிவகாசியிலிருந்து வந்தவை. 1972இல் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார், அதற்கு முதல் நாயகி மாடஸ்டி என்ற சாகசப் பெண். அதே வருஷம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது, ஜேம்ஸ் பாண்டோடு. இவற்றுக்கெல்லாம் முன்னால், 1964 முதல், பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. எங்கள் பெட்டியில் பெரும்பாலும் முத்துவும் லயனும்தான்.

காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சடிக்கிற ஊரிலிருந்து இங்கிலாந்து உளவாளியும் அமெரிக்கக் குதிரைவீரனும் தமிழ் பேசிக்கொண்டு வந்தது அப்போது எனக்கு விசித்திரமாகவே தெரியவில்லை. மாயாவி இருப்பது லண்டனில், அச்சாவது சிவகாசியில், கிடைப்பது எங்கள் பஸ் ஸ்டாண்டு கடையில். உலகம் அவ்வளவு எளிதாக இருந்தது.

மாயாவி என்றால் காட்டில் குதிரையில் வருவாரே, முகமூடி போட்டவர்?

அவர் வேறு. லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேன்டம் அவர். ராணி காமிக்ஸில் அவருக்கு மாயாவி என்று பேர், முத்துவில் வேதாளர். இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ்காரர். இந்தக் குழப்பத்தால் எங்கள் தெருவில் சண்டையே நடந்திருக்கிறது.

சரி, மாயாவி கதை என்ன? மறந்துபோச்சு.

லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளர். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவர், அந்த இடத்தில் இரும்புக்கை. இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய, ஆள் அப்படியே மறைந்துவிடுகிறார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. நேரம் ஆக ஆக உருவம் திரும்பி வரும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி கரண்ட் வேண்டும். அதற்காக விரலைப் பிளக் பாயின்டில் செருகுவார்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். 1985 வாக்கில் நான் ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பிளக் பாயின்டை நோக்கிப் போனேன். அண்ணன் பார்த்துவிட்டார். முதுகில் விழுந்த அடியில் நான் மறையவில்லை, கரண்டிதான் எங்கோ பறந்து மறைந்தது.

இப்போது படித்தால் அதே மாதிரி இருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

முதல் மூன்று புத்தகங்கள் பெரிய ஏமாற்றம். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். சப்பென்று இருந்தது. மாயாவி மாட்டிக்கொள்கிறார், தப்பிக்கிறார். உடனே இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார், உடனே தப்பிக்கிறார். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை யாராவது பள்ளத்தில் விழுகிறார்கள். நாற்பது பக்கம் போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. இதற்காகவா சைக்கிளை மிதித்துக்கொண்டு லெண்டிங் லைப்ரரிக்கு ஓடினோம் என்று தோன்றியது.

அப்புறம் இதன் மூலத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. இது புத்தகமாக எழுதப்பட்ட கதையே இல்லை. லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபரில் தொடங்கிய வேலியன்ட் என்ற சிறுவர் வார இதழில் முதல் வாரத்திலிருந்தே வந்த தொடர். வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான். அந்தப் பக்கங்கள் முடிகிற இடத்தில் பையனுக்கு நெஞ்சு படபடக்க வேண்டும், அடுத்த வாரமும் அவன் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால்தான் அந்தப் பள்ளங்கள். அந்தத் துண்டுகளை ஒட்டி ஒரே புத்தகமாக நம் கையில் கொடுத்தபோது, ஏழு நாள் இடைவெளியில் வர வேண்டிய பள்ளங்கள் மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக வந்துவிட்டன.

இது தெரிந்த பிறகு ஒரு காரியம் செய்தேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம், அதற்கு மேல் கிடையாது. காலையில் காபியோடு. பள்ளத்தில் விழுந்தால் மறுநாள் வரை விழுந்தே கிடக்கட்டும். மூன்றாம் நாள் ஆபீஸுக்கு ரயிலில் போகும்போது, அந்த ஆள் எப்படித் தப்பிப்பான் என்று என்னை அறியாமலே யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் இந்த வேகக்கோளாறு ஏன் தெரியவில்லை என்று கேட்டால், அப்போது நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம். அப்புறம் அண்ணன் பிடுங்கிக்கொள்வார், திரும்பக் கிடைக்க அரை நாள் ஆகும். எங்கள் வீட்டிலேயே ஒரு வார இதழ் நடந்திருக்கிறது.

சில மாயாவி கதைகளில் முகமே வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

கண் சரியாகத்தான் வேலை செய்கிறது. வார இதழ்க் கதைகளை வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹெசூஸ் ப்ளாஸ்கோ, சகோதரர்களின் துணையோடு. 1967 வாக்கில் ஃப்ளீட்வே இதே நாயகனை வைத்துத் தனியாகக் கையடக்கப் புத்தகங்களும் போட்டது. அவற்றை வரைந்தவர்கள் வேறு ஆட்கள். இரண்டு வகையும் தமிழுக்கு வந்தன.

ப்ளாஸ்கோ வரைந்ததை இப்போது பார்க்கும்போது, கதையை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருக்கிறது. மழை நனைத்த தெரு, தூணுக்குப் பின்னால் நிழல், இருட்டில் ஐந்து இரும்பு விரல்கள் மட்டும். சின்ன வயதில் ஒரு கட்டத்தில்கூட நான் நின்றதில்லை. வசன பலூனைப் படித்துவிட்டு ஓடியிருக்கிறேன். சாணித்தாளில் மை அப்பிக் கிடந்ததும் ஒரு காரணம்.

மாயாவி நல்லவர்தானே?

ஆரம்பத்தில் இல்லை! எனக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. மறையும் சக்தி கிடைத்ததும் கிராண்டேல் செய்கிற முதல் வேலை கொள்ளை. பிறகு நியூயார்க்கையே மிரட்டும் அளவுக்குப் போகிறார். விபத்தில் மூளை கலங்கியதால்தான் அப்படி நடந்தார் என்று பிற்பாடு ஒரு சமாதானம் வருகிறது. அதற்கும் பிறகுதான் பிரிட்டிஷ் அரசின் நிழற்படையில் உளவாளி ஆகிறார். கையிலிருந்து வாயு கிளம்புவது, விரல் துப்பாக்கியாவது எல்லாம் அந்தக் காலகட்டத்துச் சேர்க்கை.

என் நினைவில் இருந்தது முழுக்க நிழற்படை மாயாவி. திருட்டு மாயாவியை மனது எங்கோ கழற்றிப் போட்டிருக்கிறது. அண்ணனிடம் கேட்டேன். "அவன் திருடன்னு எனக்கு அப்பவே தெரியும், நீதான் சாமி மாதிரி கும்பிட்டுக்கிட்டு இருந்தே" என்றார்.

முதலில் எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், பிறகு டாம் டல்லி. பல்மர் எழுதிய ஆரம்பப் பகுதியில் ஒரு கசப்பு இருக்கிறது. கையை இழந்த, யாரும் சட்டை செய்யாத ஒரு கோபக்கார மனிதனுக்குக் கண்ணுக்குத் தெரியாத சக்தி கிடைத்தால் என்ன செய்வான் என்ற கேள்வி அது. ஐம்பது வயதில் அந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நிழற்படைக் கதைகள் இப்போது கொஞ்சம் ஆபீஸ் வேலை மாதிரி இருக்கின்றன. மேலதிகாரி கூப்பிடுகிறார், மாயாவி போகிறார்.

ஸ்பைடர்? ஆர்ச்சி?

ஸ்பைடர் வலையில் தொங்குகிற அமெரிக்கப் பையன் இல்லை, குற்றச் சக்கரவர்த்தி. கூர்காதும் கருப்பு உடையுமாக இருப்பாரே, அவர். இங்கிலாந்தில் 1965இல் லயன் என்ற இதழில் (நம் சிவகாசி லயன் இல்லை) தொடங்கியது. கொஞ்ச நாளில் எழுதும் பொறுப்பை ஏற்றவர் யார் தெரியுமா? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அதனால்தான் அந்தக் கதைகளில் லாஜிக் என்ற பேச்சே இல்லை, பக்கத்துக்குப் பக்கம் கண்டுபிடிப்பு. இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு.

சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற ரோபோவை ஒரு புத்தகத்தோடு நிறுத்திவிட்டேன். மன்னிக்கவும்.

அப்படியானால் எதுதான் இப்போதும் நன்றாக இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரே சூத்திரம் இது: மூலத்தில் யாருக்காக எழுதினார்கள் என்று பாருங்கள். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி எல்லாம் பிரிட்டிஷ் பள்ளிக்கூடப் பையன்களுக்கு எழுதியவை. துப்பறிவாளர் ரிப் கெர்பியும் மாடஸ்டியும் அப்படி இல்லை. இவை பெரியவர்கள் படிக்கிற நாளிதழில் தினமும் மூன்று நான்கு கட்டம் வந்த தொடர்கள். தமிழில் எல்லாமே ஒரே கயிற்றில் ஒரே கடையில் தொங்கியதால் எல்லாவற்றையும் சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டோம்.

ரிப் கெர்பியை எட்டு வயதில் நான் வெறுத்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் பைப் பிடித்தபடி சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார், வேலையாள் டெஸ்மண்ட் டீ கொண்டுவருவார். சண்டையே வராது. பண்டமாற்றில் இரண்டு கெர்பி கொடுத்தால் ஒரு மாயாவி என்பதுதான் எங்கள் வகுப்பு விலை. இப்போது பெட்டியில் முதலில் தேடி எடுப்பது கெர்பியைத்தான். 1946இல் தொடங்கிய அலெக்ஸ் ரேமண்டும், 1956இல் அவர் கார் விபத்தில் இறந்த பிறகு தொடர்ந்த ஜான் பிரென்டிஸும் முகங்களை வரைந்திருக்கிறார்களே, அதில் பொய் சொல்கிறவர் பொய் சொல்வது தெரிகிறது. அது எட்டு வயதில் எங்கே புரியும்?

மாடஸ்டியும் அப்படித்தான். பீட்டர் ஓ'டொனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்து, 1963இல் லண்டன் நாளிதழில் தொடங்கியது. அவளுக்கும் அவள் கூட்டாளி கார்வினுக்கும் உள்ள உறவு காதல் இல்லை, அதைவிடக் கெட்டியான ஏதோ ஒன்று. சின்ன வயதில் ஏன் இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன். இப்போது செய்துகொள்ளாமல் இருந்ததற்கு எழுதியவருக்கு நன்றி சொல்கிறேன்.

சிரிப்புக் கௌபாய் லக்கி லுக் தனி ரகம். பெல்ஜியத்து மோரிஸ் 1946இல் உருவாக்கியது. 1955லிருந்து 1977இல் இறக்கும் வரை கோசினி எழுதிய கதைகளில் பிள்ளைகளுக்கு ஒரு சிரிப்பு, பெரியவர்களுக்கு அதன் அடியிலேயே வேறொரு சிரிப்பு. ஒரு சின்னத் தகவல்: லக்கியின் வாயில் முதலில் சிகரெட் இருக்கும். 1983இல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டும் கிடைத்தது. எங்கள் பெட்டியில் அண்ணன் அந்தப் புல்லின் நுனியில் பேனாவால் புகை வரைந்து வைத்திருக்கிறார்.

டெக்ஸ் வில்லரைச் சொல்லவே இல்லையே?

அதற்குத்தான் வருகிறேன், அடிக்க வராதீர்கள். டெக்ஸ் என்ற கௌபாய் நாயகன் இத்தாலியில் 1948 செப்டம்பரில் பிறந்தவர். ஜியான் லூயிஜி போனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைந்தார். இன்றைக்கும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது. என் சூத்திரம் டெக்ஸிடம் கொஞ்சம் உதைக்கும். இதுவும் பையன்களுக்காகத் தொடங்கியதுதான், ஆனால் அந்தப் பையன்கள் வளர்ந்தபோது கூடவே வளர்ந்துவிட்டது.

கதை மாறுவதில்லை. டெக்ஸ் வருவார், நண்பர் கார்சன் சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவார், பத்துப் பதினைந்து பேர் சாவார்கள், டெக்ஸின் தொப்பியில் ஒரு ஓட்டை விழும். இருந்தாலும் அந்த இரண்டு கிழவர்களும் குதிரையில் பேசிக்கொண்டு போகிற பக்கங்கள் ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கின்றன.

இந்தக் கதைகளில் கருப்பர்களையும் செவ்விந்தியர்களையும் காட்டும் விதம் இப்போது உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. நிறையவே. வேதாளர் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரர் காட்டுக்கு நடுவில் கபால சிம்மாசனத்தில் உட்கார்ந்து சுற்றியிருக்கிற மக்களுக்கெல்லாம் நீதி சொல்வார். 1985இல் நாங்கள் அவர் பக்கம் நின்றுதான் கைதட்டினோம். நம் தாத்தா காலத்தில் நம் ஊரிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது மண்டையில் ஏறவே இல்லை. மூலத்தில் அந்த நாட்டுக்கு பெங்காலா என்று பேர். வங்காளம் ஞாபகம் வந்துவிடும் என்பதால் இந்திரஜால் அதை டெங்காலி ஆக்கியது. சிங் கடற்கொள்ளையர்களையும் சிங்கா ஆக்கினார்கள். உறுத்தல் அப்போதே யாருக்கோ இருந்திருக்கிறது, பெயரை மாற்றியதோடு நின்றுவிட்டது.

டெக்ஸ் இதில் பரவாயில்லை. 1948லேயே செவ்விந்தியர் பக்கம் நிற்கிற நாயகன், நவஜோ இனத்தின் தலைவர், மனைவி நவஜோ பெண், மகன் இரண்டு இனத்துக்கும் பொதுவானவன். வில்லன்கள் பெரும்பாலும் நில வியாபாரிகளும் கெட்ட ராணுவ அதிகாரிகளும். ஆனாலும் முடிவெடுப்பது எப்போதும் டெக்ஸ்தான், நவஜோக்கள் தலையாட்டுவார்கள். அந்தச் 'செவ்விந்தியர்' என்ற சொல்லே கொலம்பஸின் தப்பு. அதைக் காமிக்ஸில்தான் முதன்முதலில் கற்றோம்.

என் மகள் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதில் பொம்பளைங்க கத்துறதைத் தவிர வேறு வேலையே செய்ய மாட்டாங்களா?" என்று கேட்டாள். மாடஸ்டியைக் கொடுத்துத் தப்பித்தேன்.

ஆங்கில மூலமே இப்போது கிடைக்கிறதாமே, அதைப் படிக்கலாமே?

கிடைக்கிறது. அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ்களின் உரிமையை ரெபெல்லியன் என்ற நிறுவனம் வாங்கி, நல்ல தாளில் திரும்பப் போடுகிறது. ஒன்றை வரவழைத்தேன். அச்சு அருமை, ப்ளாஸ்கோவின் கோடுகள் பளிச்சென்று இருக்கின்றன. பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். கிராண்டேல் இங்கிலீஷ் பேசுகிறார்! எனக்குத் தெரிந்த கிராண்டேல் "அடப்பாவிகளா, தொலைந்தீர்கள்!" என்று சொல்கிறவர். துப்பாக்கி டுமீல் என்று வெடிக்க வேண்டும், மண்டையில் அடித்தால் ணங் என்று கேட்க வேண்டும்.

நான் திரும்பத் தேடி வந்தது பாதிக்கு மேல் அந்தத் தமிழைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. தலைப்புகளையே பாருங்களேன்: 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்'. பாடப்புத்தகத்தில் இல்லாத சொற்கள். கார்சனை 'வெள்ளிமுடியார்' என்றும் டெக்ஸை 'இரவுக் கழுகு' என்றும் படித்தபோது அவை மொழிபெயர்ப்பு என்றே தோன்றவில்லை, சங்கப் பாட்டில் வருகிற குறுநில மன்னர் பெயர் மாதிரி இருந்தது. இவற்றைத் தமிழாக்கியவர்களின் பெயர் பெரும்பாலான பிரதிகளில் தேடினாலும் கிடைக்காது. என் தமிழுக்கு அவர்களும் வாத்தியார்கள்தான்.

பழைய பிரதி வாங்குவதா, மறுபதிப்பா?

படிக்க வேண்டுமானால் மறுபதிப்பு. லயனும் முத்துவும் 2012க்குப் பிறகு பெரிய அளவில், நல்ல தாளில், பல கதைகளை வண்ணத்தில் போடுகிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் அவர்கள் ஸ்டாலுக்குப் போனால் நரைத்த தலைகளாக நிற்கும், நானும் அதில் ஒருவன். பழைய பிரதிக்குச் சிலர் கேட்கிற விலையில் ஒரு மாத மளிகை வாங்கலாம். நான் ஒரு தடவை ஏமாந்தேன். 'நல்ல நிலையில்' என்று சொல்லி ஒருவர் அனுப்பியதில் நடுவில் எட்டுப் பக்கம் ஜெராக்ஸ்.

கையில் ஏற்கெனவே இருந்தால் மட்டும்: துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிடுங்கள், அது தாளைத் தின்னும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். வெயில் படாத, காற்றுப் போகிற இடத்தில் படுக்கவைத்தால் போதும். மஞ்சளாவதைத் தடுக்க முடியாது, அந்தத் தாளின் மரக்கூழ் அப்படி.

பிள்ளைகள் படிப்பார்களா?

லக்கி லுக் படிப்பார்கள். மாயாவி படிக்க மாட்டார்கள். கட்டாயப்படுத்தினால் உங்களையும் சேர்த்து வெறுப்பார்கள்.

கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம் ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்குமே, உங்களுக்கு?

இருந்தது. லெண்டிங் லைப்ரரியில் எங்களுக்குக் கிடைத்த பிரதியிலேயே கடைசி நாலு பக்கம் கிடையாது. கடைக்காரரிடம் கேட்டால், "அதான் வாடகை கம்மி" என்பார். மாயாவி தண்ணீர் நிரம்புகிற ஒரு அறையில் அடைபட்டிருப்பார், அதோடு சரி. நானும் அண்ணனும் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு வாரக்கணக்கில் முடிவு கட்டினோம். கடைசியில் அண்ணன் சொன்னதுதான் நிலைத்தது: தண்ணீரில் கரண்ட் பாய்ந்து மாயாவி மறைய, கதவைத் திறந்து பார்க்கிற வில்லனின் கழுத்தில் இரும்புக்கை. நாற்பது வருஷம் அதுதான் கதை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுபதிப்பில் அந்த நாலு பக்கத்தையும் படித்தேன். எந்தக் கதை என்று சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் இருப்பார்கள். வெளியிலிருந்து யாரோ வந்து கதவைத் திறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது தப்பா அச்சடிச்சிருப்பாங்க" என்றார்.

பெட்டியை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள்?

இதைக் கேட்பவர் ஒருவர்தான், அண்ணன். இன்னும் பாதிகூட முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்ற கணக்கையும் சொன்னேன். மதினி நம்பிவிட்டார். அண்ணன் நம்பவில்லை.